ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா: பேருந்து நிற்கும் இடம், பிள்ளைகள் ஏறி இறங்கும் முறை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் மாசி மாதம் இரண்டாம் சனிக்கிழமை நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 168 பேரும் தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒரு நாள் பயணம் போகிறார்கள். என்ன பார்க்கப் போகிறார்கள் என்பதை வரலாற்று ஆசிரியர் தனியே எழுதி அனுப்புவார். இந்தக் கடிதம் முழுக்கப் பேருந்தைப் பற்றியது. பேருந்து எங்கே நிற்கும், எந்தப் பக்கம் வாசல் இருக்கும், யார் முதலில் ஏறுவார்கள் என்பதற்கெல்லாம் ஒரு தலைமையாசிரியர் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நான்கு பேருந்துகளும் விடியற்காலையில் நம் தெருவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. இடமில்லாததால் இரண்டு வண்டிகள் எதிர்ச்சாரியில் நின்றன. இருட்டில், கையில் சாப்பாட்டுப் பையோடு, எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தெருவைக் கடந்து ஓடினார்கள். பால் ஏற்றிவந்த ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு மாணவிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிரேக் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. கடைசிப் பையன் படியில் கால் வைத்திருந்தபோது, உள்ளே பின் இருக்கையில் யாரோ ஒரு பிள்ளை விளையாட்டாக "ரைட், ரைட்" என்று குரல் கொடுத்தான். ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். ஆசிரியர் ஒருவர் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

இரண்டுக்கும் நானே பொறுப்பு. ஊர் ஊராகப் போகும் பாதையை அவ்வளவு கவனமாகத் திட்டமிட்ட நான், நம் வாசலில் வண்டி நிற்கப்போகும் அந்த அரைமணி நேரத்தைத் திட்டமிடவில்லை. இந்த ஆண்டு அங்கிருந்துதான் தொடங்கினேன்.

முதலில் தெருவை அளந்தோம். உடற்கல்வி ஆசிரியரும் நானும் டேப் பிடித்து அளந்ததில், நம் வாசலுக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் இடையே வண்டி ஒதுங்கி நிற்கக்கூடிய நீளம் 34 மீட்டர். ஒரு சுற்றுலாப் பேருந்தின் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். முன்பின் இடைவெளியோடு இரண்டு வண்டிகளுக்குத்தான் இடம் இருக்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் நிறுத்த முயன்றதே சென்ற ஆண்டின் தவறு. இம்முறை நான்கு வண்டிகளும் நகராட்சி மைதானத்தில் காத்திருக்கும். நம் அலுவலக உதவியாளர் தொலைபேசியில் அழைத்த பிறகு முதல் இரண்டும் வரும். அவை கிளம்பித் தெருமுனை தாண்டிய பின்பே அடுத்த இரண்டும் உள்ளே வரும்.

எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பது அதைவிட முக்கியம். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகப் போகின்றன, பேருந்தின் வாசலும் இடப்பக்கமே இருக்கிறது. ஆகவே பள்ளி வாசல் வண்டிக்கு இடப்பக்கம் வரும்படி நுழைந்தால், பிள்ளை பள்ளிக் கதவைத் தாண்டியதும் படியில் கால் வைக்கலாம், தெருவில் இறங்கவே வேண்டாம். இதற்காக நான்கு வண்டிகளும் வடக்கிலிருந்து நுழைந்து தெற்கே வெளியேறும். ஓட்டுநர்களுக்கு இது ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்று, ஆனாலும் ஒப்புக்கொண்டார்கள். தெற்கு முனையில் காய்கறி லாரி இறக்கும் நேரம் அது என்பதால், கடைக்காரர்களிடம் நேரில் போய்ப் பேசினோம். அன்று ஒரு மணி நேரம் லாரியைத் தள்ளி நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி.

பிறகு ஒரு நாள் மாலை, ஒப்பந்தக்காரர் ஒரு பேருந்தை மைதானத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். உடற்கல்வி ஆசிரியர் ஒரு தண்ணீர்க் குடத்தை வண்டிக்கு நேர் முன்னால் வைத்தார். எனக்குத் தெரியவில்லை. ஓரடி தள்ளி வைத்தார், தெரியவில்லை. கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு மேலே குடத்தின் வாய் தெரிவதற்குள் அவர் பல எட்டு பின்னால் போய்விட்டார். பின்பக்கத்தில் இன்னும் மோசம். செருப்பு வார் கட்டக் குனிந்த பிள்ளை அந்த உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு இல்லாத பிள்ளைதான். எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாததைக் காக்க முடியாது. அதனால் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பிள்ளைகள் வெளியே இருக்கும்போது எந்த இடத்திலும் வண்டியைப் பின்னால் எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே ஏற்றிவிட்டு, பின்னால் ஒரு ஆசிரியர் விசிலோடு நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

"ரைட்" என்ற சொல்லுக்கு இனி வேலை இல்லை. ஒவ்வொரு பேருந்திலும் பொறுப்பாசிரியர் பெயர் கூப்பிட்டு எண்ணுவார், இன்னொரு ஆசிரியர் இருக்கை இருக்கையாகத் தலைகளை எண்ணுவார். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால் பொறுப்பாசிரியர் ஒரு பச்சைச் சீட்டை ஓட்டுநர் கையில் கொடுப்பார். சீட்டு கைக்கு வராமல் வண்டி நகராது. போகும் வழியில் தேநீருக்கு நின்றாலும் இதேதான்.

சென்ற வாரம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒத்திகை பார்த்தோம். ஒரு பிள்ளை பையோடு படியேறி இருக்கைக்கு நகர ஏழெட்டு விநாடி ஆகிறது. ஒரு வண்டிக்கு 42 பேர், ஆக ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் முறை பதினொரு நிமிடம் ஆனது. காரணம், தோழிகள் சேர்ந்து உட்கார இடம் தேடினார்கள், முன்னால் ஏறியவர்கள் முன் இருக்கையிலேயே உட்கார்ந்து வழியை அடைத்தார்கள். இருக்கையை முன்கூட்டியே ஒதுக்கி, பின்னிருக்கைப் பிள்ளைகளை முதலில் ஏற்றியதும் ஏழு நிமிடத்துக்கு வந்தது. யார் பக்கத்தில் யார் என்று பிள்ளைகளிடமே கேட்டு எழுதியிருக்கிறோம். பயணத்தில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன்பக்கம் இருக்கை உண்டு. தயவுசெய்து இதை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தஞ்சையைப் பற்றியும் ஒரு சொல். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கோயிலூர்களின் நிறுத்துமிடங்களை நிறைத்துவிடும், அதனால்தான் பயணத்தை மாசிக்குத் தள்ளினோம். பிரதோஷத்தன்று பெரிய நந்தியின் அபிஷேகம் காணப் பெருங்கூட்டம் கூடும். நாம் போகும் நாள் பிரதோஷமாக இல்லாதபடி பஞ்சாங்கம் பார்த்தே தேர்ந்தெடுத்திருக்கிறோம். பெரிய கோயிலைக் காலை ஏழேகாலுக்கு வைத்ததற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு பிள்ளைகளால் நிற்க முடியாது. 1010இல் இராசராசன் கட்டிமுடித்த விமானத்தைக் கால் சுடச் சுட ஓடிப் பார்ப்பதில் என்ன பயன்? நிதானமாக அண்ணாந்து பார்க்கட்டும்.

கோயில் வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லி ஓட்டுநரை நெருக்க மாட்டோம். வண்டி நிறுத்துமிடத்திலேயே இறங்கி, இரண்டிரண்டு பேராக, முன்னும் பின்னும் ஆசிரியர்கள் நடக்க, சாலையைக் கடப்போம். காலணியைப் பேருந்திலேயே விட்டுவரலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். கண்ணாடித் துண்டும் டீசல் கறையும் கிடக்கும் இடத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று அதை மறுத்துவிட்டேன். பேருந்துக்கு ஒரு சாக்கு கொண்டுபோகிறோம். கோயில் வாசலில் அந்தந்த வண்டிப் பிள்ளைகளின் காலணிகள் அந்தந்தச் சாக்கில் போகும். 168 ஜோடிகளைத் தனித்தனியாக டோக்கன் போட்டு வாங்கிக்கொண்டிருந்தால் அரைமணி நேரம் போய்விடும்.

திரும்பி வரும்போது பேருந்தைக் கண்டுபிடிப்பது அடுத்த கவலை. சென்ற ஆண்டு ஓரிடத்தில், நாங்கள் உள்ளே இருந்தபோது காவலர் சொன்னதால் ஓட்டுநர் வண்டியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். எல்லாமே வெள்ளை வண்டிகள். ஒரு பையன் வேறொரு பள்ளியின் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவனைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது. இம்முறை ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிறம்: மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம். முன்கண்ணாடியிலும் வாசல் பக்கத்திலும் அந்த நிறத் துணி கட்டியிருக்கும், பிள்ளைகளின் கையில் அதே நிற ரிப்பன் இருக்கும். வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மனப்பாடம் செய்துவரச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வண்டியை நகர்த்த நேர்ந்தால் உதவி ஓட்டுநர் பழைய இடத்திலேயே துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

உதவி ஓட்டுநர் என்றேன். பேருந்துக்கு இரண்டு ஓட்டுநர்கள் கேட்டிருக்கிறோம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேர வேலையை வழக்கமான அளவாக வைத்திருந்தது. நம் பயணமோ விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கி இரவு எட்டே முக்காலுக்கு முடிகிறது. ஒரே மனிதரை அவ்வளவு நேரம் விழிக்க வைத்து அவர் பின்னால் நம் பிள்ளைகளை உட்கார வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இதனால் தலைக்கு 40 ரூபாய் கூடியிருக்கிறது. கொடுக்க இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியே சொன்னால் போதும், பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை. மதியம் கும்பகோணத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் வண்டிகள் நிற்கும். மூன்றாவது கோயில் நடை திறக்கும்வரை பிள்ளைகள் மரநிழலில் சாப்பிட்டு இளைப்பாறுவார்கள், ஓட்டுநர்கள் தூங்குவார்கள். அவர்களுக்கும் நம் சாப்பாடுதான்.

வண்டிகளின் அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமங்கள் எல்லாவற்றையும் அசலாகப் பார்த்து நகல் வாங்கிவிட்டோம். பேருந்தின் தரையையும் அவசர வழியையும் நானே திறந்து, மிதித்துப் பார்த்தேன். 2012 ஜூலையில் சென்னை அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்ததை மறந்துவிட்டு இந்த நாற்காலியில் உட்கார என்னால் முடியாது.

இனி உங்களிடம் நான் கேட்பவை. காலை நாலரைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள். ஆனால் வண்டியை நம் தெருவுக்குள் கொண்டுவர வேண்டாம், குளக்கரையில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். சென்ற ஆண்டு பேருந்துக்கு இடமில்லாமல் போனதற்கு வரிசையாக நின்ற நம் ஸ்கூட்டர்களும் ஒரு காரணம். பிள்ளையை வழியனுப்புவது பள்ளி வளாகத்துக்குள். வண்டியில் ஏறிய பிறகு மறுபக்கம் போய் ஜன்னல் வழியே தண்ணீர் பாட்டிலும் பணமும் நீட்டாதீர்கள். அந்தப் பக்கம்தான் தெரு ஓடுகிறது. தாமதமாகி வண்டி கிளம்பிவிட்டால் மோட்டார் சைக்கிளில் துரத்தி வர வேண்டாம். எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், கடைசி வண்டி கிளம்பும்வரை நான் வாசலில் நிற்பேன்.

இரவு திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்போம், அவசரம் வரும். அப்போதும் பிள்ளை நேராக உங்கள் கைக்கு வர மாட்டான். இறங்கி, மைதானத்தில் நிறம் நிறமாக வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்ட பிறகு, நீங்கள் கையெழுத்திட்டுக் கூட்டிப் போக வேண்டும். வேறு யாராவது அழைத்துப்போக வருவதாக இருந்தால் அவர் பெயரை இணைப்புத் தாளில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வண்டியும் கங்கைகொண்ட சோழபுரத்தில் கிளம்பியதும், அரியலூர் தாண்டியதும் பொறுப்பாசிரியர் செய்தி அனுப்புவார். அதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால் போதும்.

தெருவில் வீடுகள் நெருக்கம், விடியற்காலையில் கைக்குழந்தைகளும் முதியவர்களும் தூங்கும் நேரம். எஞ்சினை அணைத்தே வைக்கவும், ஹாரன் அடிக்காமலிருக்கவும் ஓட்டுநர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

இணைப்புத் தாளில் கையெழுத்திட்டு வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். வியாழன் மாலை நான்கரைக்கு மைதானத்தில் கடைசி ஒத்திகை, பேருந்தும் வரும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அந்தக் குடத்தைத் தேடிப் பார்க்க விரும்பும் பெற்றோர் தாராளமாக வரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்