எவ்வளவு செலவழித்து, எதைக் கேட்டார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிகளும் அவற்றின் சங்கங்களும் அரசிடம் எதைக் கேட்கின்றன, அதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். 2023 ஆடி மாதம் என் மனைவி பேங்கில் பாஸ்புக் பதிந்துகொண்டு வந்தார். நடுவில் ஒரு வரி: 177 ரூபாய் பிடித்தம். அபராதம் 150, ஜிஎஸ்டி 27. குறைந்தபட்ச இருப்பு இல்லையாம். "எதுக்காக்கும் பிடிச்சாவ?" என்று என்னிடம் கேட்டார். குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. ஷீட் விற்ற காசுதான் அந்தக் கணக்கில் வரும். மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுவிடும், கணக்கும் வற்றிவிடும். கையில் காசு இல்லாத மாதத்தில்தான் இந்த அபராதமும் வந்து விழுகிறது.

இப்படி அரசு வங்கிகள் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் வசூலித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பின்னர் சில வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. நல்லது.

அமெரிக்காவில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் உண்டு என்றாள். கணக்கில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிவிட்டால், அதற்கு ஓவர் டிராஃப்ட் கட்டணம். பல வங்கிகளில் ஒரு தடவைக்கு 35 டாலர் வரை. பெரிய வங்கிகள் இதை 5 டாலருக்குக் குறைக்கலாம், இல்லையென்றால் தங்களுக்கு ஆகும் செலவை மட்டும் வாங்கலாம் என்று அந்த நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. மக்களுக்கு ஆண்டுக்கு 500 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அந்த அமைப்பின் கணக்கு. வங்கிச் சங்கங்கள் உடனே நீதிமன்றம் போயின. 2025 ஏப்ரலுக்குள் இரண்டு அவைகளும் அந்த விதியை ரத்து செய்து வாக்களித்தன. மே மாதம் அதிபர் கையெழுத்திட்டார். விதி போயே போய்விட்டது.

இதற்காக யார் போய் நின்றார்கள் என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, அதெல்லாம் இங்கே பதிஞ்சு வெச்சிருப்பாங்க, பாஸ்வேர்டுகூட வேண்டாம்" என்று செனட் சபையின் இணையதளத்தைத் திறந்து காட்டினாள்.

31 வருஷம் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான். அந்தப் படிவத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சங்கம், எந்தக் காலாண்டு, லாபி செய்ய, அதாவது சட்டம் இயற்றுவோரையும் அதிகாரிகளையும் அணுகித் தங்களுக்குச் சாதகமாகப் பேச, எவ்வளவு செலவு, எந்த மசோதாவைப் பற்றிப் பேசினார்கள், எந்த அவையில், எந்தத் துறையில் போய்ப் பேசினார்கள், பேசியவர்கள் பெயர் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். 1995-இல் வந்த சட்டம் அது. முதலில் அரையாண்டுக்கு ஒரு முறை இருந்ததை 2007-இல் காலாண்டுக்கு ஒரு முறை என்று இறுக்கினார்கள். காலாண்டு முடிந்து 20 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மீறினால் இரண்டு லட்சம் டாலர் வரை அபராதம் உண்டு, வேண்டுமென்றே ஊழல் நோக்கில் மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. 1875-இல் தொடங்கிய அமெரிக்க வங்கியாளர் சங்கம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலரை ஒட்டிச் செலவு காட்டிவருகிறது. நம் பணத்தில் 80 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. ஒருவர் ஒரு வாடிக்கையாளருக்குச் செய்யும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் கீழே லாபி செய்தால், அவர் பெயரைப் பதிய வேண்டியதில்லை. எல்லாம் பதிந்தும்கூட அந்த 5 டாலர் விதி நிற்கவில்லை. ஆனாலும் 35 டாலர் இழந்த ஒரு பெண், தனக்கு எதிராக யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. என் மனைவிக்கு அது முடியவில்லை.

நம் நாட்டில் லாபிக்கென்று ஒரு சட்டமே கிடையாது. 2012 டிசம்பரில் வால்மார்ட் விவகாரத்தில் நாடாளுமன்றம் அமளிப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். இந்தியச் சந்தைக்குள் வருவது உட்படப் பல விஷயங்களுக்காக அந்த நிறுவனம் 2008 முதல் 2.5 கோடி டாலர் செலவழித்தது எப்படி வெளியே வந்தது? அமெரிக்காவில் அது தாக்கல் செய்த இதே படிவங்களில் இருந்துதான். நம் சந்தையைப் பற்றிய செய்தி, அவர்கள் சட்டத்தின் வழியாக நமக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு மக்களவையில் இதற்கென ஒரு தனிநபர் மசோதா (அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) வந்தது, சட்டமாகவில்லை.

நகைக்கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். நகை தன்னுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்கும் வரைவு விதிகளை 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்டதும், பக்கத்து வீட்டுப் பெண் சங்கிலியைக் கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள். "மாமா, இது எங்க அம்மைக்க சங்கிலி. இதுக்கு நான் எங்க போய் பில் வாங்கிட்டு வர?" என்றாள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணயம் வைக்க வேண்டும். அவளைப் போல எத்தனை வீடுகள் நம் மாவட்டத்தில். தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது, முதல்வர் மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் 6 அன்று வந்த இறுதி விதியில் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றானது. சரி, அந்த இரண்டு மாதங்களில் முதல்வர் கேட்டது ஊருக்கே தெரியும். நகைக்கடன் நிறுவனங்களும் வங்கிகளும் யாரைப் பார்த்து எதைக் கேட்டன, அதற்கு எவ்வளவு செலவாயிற்று என்பதற்கு ஒரு பதிவேடு உண்டா?

எங்கள் சங்கத்தில் பேரவைக் கூட்டத்துக்கு வாங்கிய டீ, வடைக்கு வவுச்சர் இல்லை என்று ஒரு வருஷம் தணிக்கையாளர் குறிப்பு எழுதினார். 640 ரூபாய். என் கையிலிருந்து கட்டினேன். அவர் செய்தது சரி, அது உறுப்பினர்களின் பணம்.

1946 முதல் இயங்கும் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும், நுண்கடன், நகைக்கடன் நிறுவனங்களின் சங்கங்களுக்கும் அதே விதி பொருந்த வேண்டும். அவர்கள் நிதியமைச்சகத்தையோ ரிசர்வ் வங்கியையோ அணுகுவதை யாரும் தடுக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எதைக் கேட்டோம், யாரிடம் கேட்டோம், எவ்வளவு செலவழித்தோம் என்று எழுதித் தரட்டும். அது தமிழிலும் வெளிவர வேண்டும்.

நம் தொகுதி மக்களவை உறுப்பினர் இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டு மனு ஒன்று எழுதியிருக்கிறேன். குலசேகரம் சந்தையிலும் திருவட்டாறிலும் இதுவரை 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது இரண்டாவது கையெழுத்து, முதலாவது என் மனைவியுடையது. அந்த 177 ரூபாய் பதிந்த பாஸ்புக் பக்கத்தின் நகலையும் மனுவோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.