பழைய ஜம்ப்சூட் விளம்பரத்தில் 'சைஸ் 12' மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வரி விளம்பரங்களில் 1970களின் அமெரிக்க மாலை விருந்து ஜம்ப்சூட்டை (மேற்சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த உடை) விற்பவர்கள் பெரும்பாலும் 'சைஸ் 12, நல்ல நிலை' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்றைய 12 இன்றைய 12-ஐ விடப் பல அளவு சிறியது. அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுப்பவருக்கு ஜிப்பே ஏறாது.

மார்பு, இடுப்பு, பின்புறச் சுற்றளவை அங்குலத்தில் தந்தாலும் ஜம்ப்சூட்டுக்குப் போதாது. மேலும் கீழும் ஒரே உடையாக இருப்பதால் உடலின் நீளம்தான் முடிவு செய்யும். கழுத்தை ஒட்டிய தோள் முனையில் டேப்பை வைத்து, மார்பு வழியாக இறக்கி, கால்களுக்கு இடையே கொண்டுபோய், முதுகு வழியாக அதே தோள் முனைக்கு ஏற்றுங்கள். இது அணிபவரின் அளவு. உடையில் தோளிலிருந்து கவட்டைத் தையல் வரை முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். பின்பக்கம் நீளமாக வெட்டப்பட்டிருக்கும் என்பதால் ஒன்றை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கக் கூடாது. நெய்த துணியென்றால் உடலை விட உடை 2 அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். இழுபடும் பின்னல் துணியான ஜெர்சி என்றால் சமமாக இருந்தாலும் போதும். குறைந்தால் நிற்கும்போது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தோள் இழுபட்டுக் கவட்டைத் தையல் விடும்.

இடுப்பில் குறுக்குத் தையல் இருந்தால் அதைப் பிரித்து 2 அங்குலப் பட்டி கொடுத்து நீட்டலாம். தோளிலிருந்து கால்வரை ஒரே துண்டாக வெட்டியதை வெளியே தெரியாமல் நீட்ட வழியில்லை. கழுத்தில் கட்டும் ஹால்டர் மாடலில் மட்டும் பட்டையை நீட்டிச் சமாளிக்கலாம். ஆகவே குறுக்குத் தையல் உண்டா என்பதையும் விளம்பரத்தில் சொல்ல வேண்டும்.

பின்பக்க ஜிப் இடுப்போடு நின்றுவிட்டால் ஒவ்வொரு முறை உடுத்தும்போதும் அதன் அடிமுனையில் துணி இழுபட்டுக் கிழியக்கூடும். முதலில் அங்கே பாருங்கள். நைலான் ஜிப்பின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டிருந்தால் சுருள் நசுங்கி, ஏற்றிய பிறகும் ஜிப் பின்னால் பிளந்துகொள்ளும். அதற்கு மாற்று ஜிப் வைப்பதுதான் வழி. இடுப்பு எலாஸ்டிக்கைக் காதருகே வைத்து மெல்ல இழுங்கள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் உள்ளே ரப்பர் உலர்ந்துவிட்டது. புதிது கோத்தால் சரியாகிவிடும். விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

துணி எது என்று தெரியாவிட்டால் உள்தையலின் ஓரத் துணியிலிருந்து (தையல் நூலை அல்ல) ஒரே ஒரு இழையை உருவி, நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் நனைத்துப் பாருங்கள். கரைந்தால் அது அசிட்டேட் என்ற இழைத் துணி. அதில் கறை எடுக்க அசிட்டோனைத் தொடவே கூடாது, துணியே ஓட்டையாகிவிடும்.

காலத்தை லேபிள் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் சலவைக் குறிப்பு லேபிள் 1972-இல் கட்டாயமானது. அது தைத்திருக்கும் உடையை '60களின் உடை' என்றால் காரணம் கேளுங்கள். பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு, வெள்ளை, நீல லேபிள் இருந்தால் 1974-க்கு முன் தைத்ததில்லை. 'கியானா' என்றிருந்தால் டியூபான்ட் நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்திய பட்டு போன்ற நைலான்.

இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது சைஸ் எண்ணோடு, உடையின் தோளிலிருந்து கவட்டை வழியாக மீண்டும் தோள் வரையிலான இந்தச் சுற்றளவையும் கேட்டு வாங்கி அச்சிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பழைய உடைகளைச் செப்பனிடும் தையற்கலைஞர்கள்