சம்பந்தி வீட்டார் கூட்டிப்போன கடை

அன்புள்ள கண்ணுக்கு,

சம்பந்தி வீட்டார் எங்களைக் கூட்டிப்போன, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமையல் கடையில் சாப்பாடு எப்படி இருந்தது என்று நீ போனில் கேட்டபோது "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு மீட்டிங், எனக்கு உண்ட மயக்கம். இப்போது சாவகாசமாக எழுதுகிறேன். கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி ஒரு முடிவும் எடுத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போவதற்கு முன்னால் நீ எத்தனை எச்சரிக்கை அனுப்பினாய்! எல்லாம் எண்ணெய், எல்லாம் சர்க்கரை, அப்பாவைப் பார்த்துக்கொள், கீரையில்கூடப் பன்றிக்கறி கிடக்கும், எதைக் கண்டும் முகம் சுளித்துவிடாதே. அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஈரோட்டில் குடல்கறி கழுவி வளர்ந்தவளிடம் சொல்கிற பேச்சா அது?

தென்மேற்கு அட்லாண்டாவில், கேஸ்கேட் ரோடு பக்கம் கடை. ஒரு பக்கம் முடிவெட்டும் கடை, இன்னொரு பக்கம் துணி துவைக்கும் கடை, நடுவில் இது. அவர்கள் சர்ச் முடிந்து நேராக வந்தார்கள். சம்பந்தியம்மா போட்டிருந்த தொப்பியைப் பார்த்ததும், பட்டுப்புடவை கட்டாமல் வந்தோமே என்று எனக்குத் தோன்றிவிட்டது. வரிசை வாசல் தாண்டி நின்றது. நிற்கிற எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கிற தட்டுகள், கரண்டியோடு ஓர் அம்மாள். அவர் எல்லாரையும் "பேபி" என்றுதான் கூப்பிடுகிறார். அப்பாவையும் கூப்பிட்டார். இவர் வெட்கப்பட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

அங்கே "மீட் அண்ட் த்ரீ" என்று ஒரு கணக்கு. ஏதாவது ஒரு கறி, கூட மூன்று காய். காய்ப் பட்டியலில் மக்ரோனி சீஸும் இருக்கிறது! காய் என்று போட்டிருக்கிறார்களே என்று தைரியமாக வாங்கிக்கொண்டார் அப்பா. நான் பொரித்த கோழி, காலர்ட் கீரை, தட்டைப்பயறு, வெண்டைக்காய் என்று சொன்னேன். வெண்டைக்காயை மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்திருந்தார்கள், துளிக்கூட வழவழப்பு இல்லை. நாம் தயிர் விட்டு வதக்கியும் சில நாள் வழவழத்துப் போகிறதே, அந்த எரிச்சல் இங்கே கிடையாது.

கீரையைப் பற்றி நீ பயந்தாயே, சம்பந்தியம்மா முன்கூட்டியே போன் பண்ணி விசாரித்து வைத்திருந்தார். அந்தக் கடையில் பன்றிக் கால் போடுவதில்லை, புகையூட்டிய வான்கோழி இறக்கைதான். இப்போது நிறையக் கடைகள் அப்படி மாறிவிட்டனவாம். காலர்ட் முட்டைக்கோசுக்குச் சொந்தம்தான், இலை தடிப்பு, மணிக்கணக்கில் வேக வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. கிண்ணத்தில் கீரையோடு அந்தச் சாறும் வந்தது. நான் முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த ஒரு பாட்டிலை அவர் என் பக்கம் நகர்த்தினார். உள்ளே வினிகரில் ஊறிய பச்சை மிளகாய், நம் ஊசி மிளகாய் அளவு. அதை நாலு சொட்டு விட்டு, சோள ரொட்டியைப் பிட்டு, சாற்றில் முக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டார். உப்பு, புகை, புளிப்பு, காரம் எல்லாம் ஒன்றாக ஏறியது. அதற்கப்புறம் முள்கரண்டியை நான் தொடவில்லை. அவரும் தொடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே நிறையப் பேசினோம். அவர் சரித்திர ஆசிரியையாக இருந்தவர் என்று நீ ஏன் முதலிலேயே சொல்லவில்லை? வெண்டையும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பல்கள் ஓடிய காலத்தில் இந்தப் பக்கம் வந்தவை. தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு வாரத்துக்கு அளந்து கொடுத்தது சோள மாவு, உப்புக்கண்டமாகப் போட்ட பன்றிக்கறி, கொஞ்சம் வெல்லப்பாகு. மற்றதெல்லாம் பொழுது சாய்ந்தபின் தங்கள் துண்டு நிலத்தில் தாங்களே போட்டு எடுத்தது. கீரையும் பயறும் கிழங்கும்தான் அன்றாடச் சாப்பாடு. கோழி பொரிப்பதும் கேக் சுடுவதும் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும். அதனால் எண்ணெய், சர்க்கரை என்று நீ சொன்னது ஞாயிற்றுக்கிழமைத் தட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்ன பேச்சு. நம் தீபாவளிப் பலகாரத்தைப் பார்த்துவிட்டு யாராவது நம்மைப் பற்றி அப்படி எழுதினால் சும்மா இருப்பாயா?

சம்பந்தி பேசுவது குறைவு. ஆனால் கோழித் துண்டை எடுத்தபோது ஒன்று சொன்னார். 1910-லிருந்து 1970 வரைக்கும் தெற்கிலிருந்து சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கேயும் மேற்கேயும் போனார்களே, அதில் அவருடைய பெரியம்மாவும் ஒருவர். சிகாகோவுக்கு ரயில் ஏறும்போது ஒரு செருப்புப் பெட்டியில் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனாராம். நாமும் ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டியவர்கள்தான், வெளியில் வாங்கினால் காசு, வயிற்றுக்கும் ஆகாது என்று. அவர்களுக்கு வழியில் கையில் காசு இருந்தாலும் உட்காரவைத்துச் சோறு போட ஆளில்லை, கறுப்பர்களை வெள்ளைக்காரர்களோடு உட்காரவைக்கக் கூடாது என்று தெற்கில் சட்டமே இருந்தது. போய்ச் சேர்ந்த ஊர்களில் அவர்களே கடை போட்டார்கள். நியூயார்க் ஹார்லமில் 1962-ல் தொடங்கிய சில்வியாஸ் இன்னும் நடக்கிறது.

இந்த ஊரிலேயே பாஸ்கல்ஸ் இருக்கிறது, அண்ணன் தம்பி இரண்டு பேர் 1947-ல் ஆரம்பித்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் கூட இருந்தவர்களும் கூடிப் பேசிய இடம். மறியலில் பிடிபட்டவர்களுக்கு அந்த அண்ணன் தம்பி ஜாமீன் கட்டி, சோறும் போட்டிருக்கிறார்கள். அதே வருஷம் தொடங்கிய பிஸி பீ கஃபேக்கு 2022-ல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது, இங்கே சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற பெரிய விருது. ஆனால் எனக்கு மனதில் நின்றது ஜார்ஜியா கில்மோர்தான். அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் சமையல் வேலை பார்த்த அம்மாள். பஸ்ஸில் கறுப்பர்களுக்குத் தனி இடம் என்று ஒதுக்கியதை எதிர்த்து, அந்த ஊரில் 1955 கடைசியில் பஸ் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நடந்தது. அத்தனை நாளும் ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய்விட கார் வேண்டும், பெட்ரோல் வேண்டும். இவரும் சில பெண்களும் கோழி சாண்ட்விச்சும் 'பை' என்கிற பலகாரமும் கேக்கும் செய்து விற்று அந்தக் காசைக் கொடுத்தார்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கூட்டத்துக்குப் பேரும் அதுதான். கோர்ட்டில் கிங்குக்காகச் சாட்சி சொன்னபின் கில்மோருக்கு வேலை போனது. வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார், கிங்கே வந்து சாப்பிட்டுப் போவாராம். சம்பந்தியம்மா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தார்.

அப்பா திடீரென்று தன் கணக்கை எடுத்தார். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம், 1965-ல் சட்டம் மாறியதால்தான் நம்மைப் போன்றவர்கள் வர முடிந்தது, இவர்கள் உரிமை கேட்டுத் தெருவில் நின்று போராடிய காலத்தில் பிறந்த சட்டம் அது என்றார். சொல்லிவிட்டு, பீச் பழத்தின் மேல் மாவு போட்டுச் சுடுகிற இனிப்பான பீச் காப்ளரில் பாதியை முடித்துவிட்டார். மறுநாள் காலையில் சுகர் எவ்வளவு என்று கேட்காதே.

சரி, கல்யாண விஷயம். முகூர்த்தச் சாப்பாடு இலை போட்டு, நம் முறைப்படி. அதில் மாற்றமில்லை. சாயங்கால ரிசப்ஷனுக்கு நீ பேசிவைத்திருக்கிற பனீர், பாஸ்தா எதுவும் வேண்டாம். அந்தக் கடையிலிருந்தே வரட்டும்: பொரித்த கோழி, தட்டைப்பயறுச் சோறு, சோள ரொட்டி, கீரை. கீரையில் ஒரு பாத்திரம் கறி சேர்க்காமல் தனியாக, பெரியப்பா வீட்டாருக்காக. அடையாளம் வைக்கிற பொறுப்பு உன்னுடையது. காப்ளரும் இருக்கட்டும், பாயசமும் இருக்கட்டும். சம்பந்தியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து கேளுங்கள், அதுதான் மரியாதை.

வெளிச்சாப்பாடு விடுவார்களா என்று மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுச் சொல். விடமாட்டோம் என்றால் வேறு மண்டபம் பார்க்கலாம், இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

அன்புடன்,
அம்மா