பக்கத்து ஏரியின் எட்டு அங்குலம்

ஸ்காபரோ
ஜனவரி 4

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ மட்டும் குளிருக்குக் கூடிக் குறைகிறது. வேறு புதினம் இல்லை.

ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லேக்க, நீ சொன்ன ஒரு கதை எனக்குள் கிடந்து அரிக்கிறது. "பக்கத்து ஏரியில எட்டு அங்குலம் ஐஸ் பிடிச்சிட்டுதாம் அப்பா, அப்ப இதிலயும் இருக்கும்தானே" என்றாய். நான் மறுமொழி சொல்ல முதல் உன்னை வோர்ட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்ப எடுத்துச் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதுதான் கடதாசி எடுத்தேன்.

பக்கத்து ஏரி வேறு, நீ போகப்போகிறது வேறு பிள்ளை. மினசோட்டாவில் உன் குரோஸ்பி ஊரைச் சுற்றி அந்த நீலத் தண்ணீர் நிற்கிறதெல்லாம் இரும்புக்கல் தோண்டின கிடங்குகள். கய்லர் ஆடம்ஸ் என்கிற ஒருவர் திசைகாட்டி முள் பிழையாக இழுபடுவதைப் பார்த்து அங்கே இரும்பு இருக்கிறதென்று பிடித்தவர். அவருடைய பெயரில் பாதி, அவரோடு திரிந்த யூனா என்ற நாயின் பெயர், இரண்டையும் ஒட்டித்தான் அந்த இரும்புக்கல் பகுதிக்குக் 'கயூனா' என்ற பெயர் வந்தது. ஒரு நாய்க்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஊர் என்று எனக்கு உன் ஊரில் ஒரு விருப்பம். ஆனால் 1924 பெப்ரவரி 5ஆம் திகதி அதே இடத்து மில்ஃபோர்ட் சுரங்கத்துக்குள் மேலே நின்ற குளத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கி 41 பேரைக் கொண்டுபோனதையும், உனக்கு அங்கே வேலை கிடைத்த இரவே இருந்து வாசித்தேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தோண்டுகிற வேலை நின்று, பம்புகளும் நின்றபிறகு, நிலத்தடித் தண்ணீர் ஊறி நிரம்பினவை இந்தக் கிடங்குகள். கரை சாய்ந்து போகாது, சுவர் மாதிரி இறங்கும். சரியான ஆழம். எனக்குப் பயம் அந்த ஆழத்தில்தான். தண்ணீர் 4 பாகைக்கு வரும்வரை குளிரக் குளிரப் பாரம் கூடிக் கீழே போகும், கீழே கிடந்த சூடு மேலே வரும். அந்தச் சூடு போய் முடிந்த பிறகுதான் மேல்தண்ணீர் உறையத் தொடங்கும். சட்டித் தண்ணீர் கெதியாக ஆறும், கிடாரத்துத் தண்ணீர் ஆறச் சாமமாகும், இல்லையா? பக்கத்து ஏரி சட்டி. உன்னுடையது கிடாரம். அங்கே எட்டு அங்குலம் என்றால் இங்கே மூன்றாகவும் இருக்கலாம்.

நடந்து போக நாலு அங்குலம் வேணும். அதுவும் கண்ணாடி மாதிரிக் கறுத்த ஐஸ் என்றால். பனி விழுந்து ஊறி வெள்ளையாக உறைந்தது அரைப் பலம்தான், அதென்றால் எட்டு அங்குலம் வேணும். ஆறு விழுகிற வாய், தண்ணீர் வெளியே போகிற வாய், ஊற்று, இரண்டு கிடங்கு சந்திக்கிற ஒடுக்கம், இந்த இடங்களைச் சுற்றிப் போ. உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளிடம் அலவாங்கு மாதிரி ஒரு நீட்டுக் கம்பி இருக்கும். அதை வாங்கிக்கொண்டு நீயே முன்னுக்குப் போய், அடிக்கு அடி ஓங்கிக் குத்திப் பார். ஒரே குத்தில் கம்பி உள்ளே போனால் வந்த காலடியிலேயே திரும்பு. வெட்கப்படாதே. யாழ்ப்பாணம் குருநகரில் அப்பப்பா களங்கண்ணி வலை கட்டப் போனால், புது இடத்தில் தடியால் குத்திப் பார்க்காமல் வள்ளத்தால் கால் இறக்கமாட்டார். சேறோ மணலோ என்று தடிதான் அவருக்குச் சொல்லும்.

அந்த மனுசனின் பிள்ளைதான் நான். இருந்தும் குத்திப் பார்க்காமல் ஒருநாள் போனேன்.

நீ ஏழாம் வகுப்பு. அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது சிம்கோ ஏரி ஒன்றுதான். தொழிற்சாலையில் கூட வேலை செய்த போர்த்துக்கீசக்காரர் ஒருவர், வடக்கே ஒரு சின்ன ஏரி, நல்ல ட்ரவுட் என்று கூட்டிக்கொண்டு போனார். முதல்நாள் யாரோ சறுக்குவண்டில் இழுத்த தடம் கிடந்தது. அவர் காரில் சாமான் இறக்கிக்கொண்டு நிற்க, நான் தடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தேன். கடலில் வளர்ந்தவனுக்கு இதென்ன, ஒரு குளம்தானே என்ற திமிர். தடம் ஒரு ஓடை வாய்க்குக் கிட்டப் போனது. முதல்நாள் தாங்கின ஐஸ் அன்றைக்குத் தாங்கவில்லை. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, பப்படம் நொறுங்கின மாதிரித்தான். இடுப்புவரை போய்விட்டேன். மூச்சு என்னுடையதாக இல்லை, அது தன்பாட்டில் இழுத்தது. நகத்தால் ஐஸைப் பிறாண்டினேன், பிடிக்கவில்லை. அவர் படுத்துக்கொண்டு தூரத்திலிருந்து கயிறு எறிந்தார்.

வீட்டுக்கு வரேக்க ஜீன்ஸ் விறைத்து, கழற்றி வைக்க வாசலில் தன்பாட்டில் நின்றது. அம்மாவிடம் கார் கழுவப்போய் நனைஞ்சிட்டன் என்றேன்.

அதனால் இந்தப் பார்சலில் முதலில் கண்ணில் படுகிறது அந்த இரண்டு மரப்பிடி ஆணி. நீ முந்தி "வம்பயருக்குக் குத்துறதோ" என்று சிரித்தாயே, அதேதான். கயிற்றோடு கழுத்தில் கொழுவி, ஜக்கெற்றுக்கு வெளியே விடு. பையுக்குள் இருந்தால் அது வெறும் ஆணி. மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: மூச்சை அடக்க ஒரு நிமிசம், கைகால் சொல்வழி கேட்க பத்து நிமிசம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். விழுந்தால் முதல் நிமிசம் ஒன்றும் செய்யாதே, மூச்சை மட்டும் பிடி. பிறகு வந்த பக்கமே திரும்பு. அந்தப் பக்கத்து ஐஸ்தான் உன்னை அதுவரை தாங்கினது. ஆணியைக் குத்தி, காலை நீச்சலுக்கு அடிக்கிற மாதிரி அடித்து ஏறு. ஏறினதும் எழும்பி நிற்காமல் உருண்டு வா.

சரி, மீனுக்கு வருவம். இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

கிராப்பியும் வேணும் ட்ரவுட்டும் வேணும் என்றாய். காலமையை ட்ரவுட்டுக்குக் கொடு, பொழுதுபடுகிற நேரத்தைக் கிராப்பிக்குக் கொடு. ட்ரவுட் ஏரிக்கு உங்கள் மினசோட்டாவில் குளிர்காலப் பருவம் ஜனவரி நடுவில்தான் திறக்கும். மீன்பிடி அனுமதியோடு ட்ரவுட் முத்திரையும் தனியாக வாங்கவேணும். அங்கே ஆளுக்கு ஒரு தூண்டில்தான், மற்ற ஏரியில் போல இரண்டு போட ஏலாது. உயிர் மீன்குஞ்சு இரையும் கூடாது. டி.என்.ஆர். என்கிற மாநில இயற்கை வளத் துறையின் இணையத்தில் ஏரியின் பெயரைப் போட்டால் ஆழப்படமும், எந்த வருசம் எவ்வளவு குஞ்சு விட்டார்கள் என்பதும் வரும். புது ஏரிக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

ரெயின்போ ட்ரவுட் குளிரில் ஆழத்துக்கு ஓடும் என்று நினைக்காதே. கரை ஓரமாக, ஐஸுக்குக் கீழே நாலைந்து அடியிலிருந்து பத்தடிக்குள் சுற்றிக்கொண்டு திரியும். ஐஸுக்குக் கிட்ட நிற்பதால் உன் சப்பாத்துச் சத்தமே அதைக் கலைக்கும். துளைகளை எல்லாம் முதலே போட்டுவிட்டுப் பேசாமல் இரு. வந்தால் தூண்டிலைப் பறித்துக்கொண்டு ஓடும். தடியைக் காலுக்குள் அமத்திவைத்துக்கொள்.

கிராப்பி அந்த முரட்டுச் சாதி இல்லை. பக்கத்து ஏரியிலேயே அதைத் தேடு. ஏரியின் நடுக்கிண்ணத்தில், நிலத்தில் படாமல் அந்தரத்தில் கூட்டமாக நிற்கும். முதலில் ஈயக்குண்டை ஊசியில் கொழுவி அடியைத் தொடவிட்டு ஆழத்தைப் பார், பிறகு நாலைந்து அடி தூக்கி, இரண்டு இரண்டு அடியாக மேலே கொண்டுவா. அதன் கண் மேலே பார்க்கிற கண். இரை அதற்கு மேலே இருக்கவேணும், கீழே போனால் தெரியாது. ஆக நுணுக்கம் ஒன்று: அது இழுக்காது. கீழேயிருந்து வந்து வாயில் எடுத்துக்கொண்டு மேலே போகும், அப்போது நூல் தொய்யும், நுனிக் கம்பி நிமிரும். ஒன்றும் இல்லை என்று நீ நினைக்கிற அந்தக் கணம்தான் மீன். வெடுக்கென்று இழுத்துவிடாதே, அதன் உதடு ரிஷ்யூத் தாள்.

இருபத்தைந்து முப்பது அடிக்குக் கீழேயிருந்து எடுத்த கிராப்பியை, சின்னன் என்று திருப்பி விடாதே. காற்றுப்பை ஊதி, நீந்திப் போகிற மாதிரிப் போய்ச் சாகும். போதும் என்றால் தூண்டிலைச் சுற்று. கூடாரத்துக்குள் ஹீற்றர் போட்டால் காற்றுத்துளையைத் திறந்து வை. இது உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ நேர்ஸ்.

ட்ரவுட்டைப் புளி விட்டு வை, நெய்ப்பிடிப்பான மீன். கிராப்பியை உப்பும் மஞ்சளும் தூளும் பூசிப் பொரி. சரக்குத்தூள் பார்சலில் இருக்கிறது.

போகிற அன்று காலமை, முதல் துளை போட்டதும் எத்தனை அங்குலம் என்று ஒரு மெசேஜ் போடு. உன் கையால் அளந்தது.

அன்புடன்
அப்பா

பி.கு.: ஒட்ட முதல் அம்மா வாங்கி வாசித்தாள். ஒன்றும் பேசவில்லை. பார்சலுக்குள் இன்னொரு பை தூளை வைத்துவிட்டு, "பெப்ரவரியில ஆரப்பா கார் கழுவுறது" என்றாள்.