கால்வாய்க் கரையிலிருந்து அம்மா

கல்லிடைக்குறிச்சி,
கார்த்திகை மாசம்

அன்புள்ள மகன் சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் ரம்யாவும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் "சரிம்மா, வைக்கட்டுமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. கன்னடியன் கால்வாயில் கரையைத் தொட்டுத் தண்ணீர் போகிறது. பெரிய மாமா வயலில் பிசான நெல் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துவிட்டது. செண்பகம் அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. குட்டி தூங்குகிறாள் என்றாய். சாயங்காலம் ஆறு மணிக்கா, ஐயா? அதற்கு முந்தின தடவையும் தூங்குகிறாள் என்றுதான் சொன்னாய். சரி, பிள்ளைகள் என்றால் நேரங்கெட்ட நேரத்தில் தூங்கத்தான் செய்யும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் வாட்ஸ்அப்பில் இருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழுந்து நட, ஐயா. பெங்களூரில் லால்பாக் தோட்டம் உனக்குப் பக்கம்தானே. நடக்கிறவர்களுக்குக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். நான் வந்திருந்தபோது அந்தப் பாறைமேல் என்னைக் கைப்பிடித்து ஏற்றினாய். 300 கோடி வருஷப் பழமை என்று பலகையைப் படித்துச் சொன்னாய். குட்டி அதில் சறுக்கப் பார்த்தாள். அங்கே போ. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

நான் தினமும் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, கால்வாய்க் கரையோடு நடந்து, மருத மரங்கள் இருக்கும் இடம்வரை போய்த் திரும்புகிறேன். சர்க்கரைக்காக நடக்கிறேன் என்றுதான் உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறேன். டாக்டர் நடக்கச் சொன்னதும் உண்மைதான். ஆனால் அப்பா போன அந்த வருஷம் எனக்குத் தூக்கமே இல்லை, சரவணா. மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். நீங்கள் போன் பண்ணினால் நன்றாகத் தூங்கினேன் என்பேன். இருட்டிலேயே எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் கரைக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டு வருவேன், மனசு முழுக்க ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். கரையில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு நாள் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நகரவே இல்லை. இறக்கை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்கிறது, அலகு நேரே கீழே பார்க்கிறது. பொத்தென்று விழுந்து வெறும் வாயோடு எழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி நின்றது. மறுபடியும் வெறும் வாய்தான். அது மீனோடு எழுகிறவரை நான் அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து காப்பி போட்டபோதுதான், அவ்வளவு நேரமும் வேறு எதையும் நினைக்கவில்லை என்று தெரிந்தது. அன்று மத்தியானம் படுத்ததும் தூங்கிப்போனேன்.

மனசில் ஓடுகிறது நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஓடுகிற வேகம் குறையும். மூச்சு தானாக நிதானத்துக்கு வரும். அதற்கு மெதுவாகத்தான் நடக்க வேண்டும். உன் ஆபீஸில் கொடுத்தார்களே, அடி எண்ணுகிற கடிகாரம், அதெல்லாம் வேண்டாம். தாத்தா சொன்ன கதை ஞாபகம் இருக்கிறதா? அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவைப் பின்தொடர்ந்து, அது போன வழியிலேயே கால்வாயை வெட்டினார்கள், அது படுத்த இடத்தில் குளம் வெட்டினார்கள் என்பார். அதனால்தான் வாய்க்கால் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று நீ உன் ஆறாம் வகுப்பு நோட்டில் படம் போட்டிருந்தாய். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த மாடு போல நட.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாணல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மருதக் கிளைகளில், என் கைக்கு எட்டாத உயரத்தில், சேலைத் துணியும் பிளாஸ்டிக் பையும் தொங்கின. இப்போது அந்த மரங்களில் பழைய பட்டை தகடு தகடாக உரிந்து, உள்ளே வெளுப்பாக, வழவழவென்று இருக்கிறது. போகும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பேன். காலையில் ஜில்லென்று இருக்கும்.

நீ பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கை இன்றைக்கும் உன் கணக்கு சார் கடைத்தெருவில் நாலு பேரிடம் சொல்கிறார். கேட்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோகும். அப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? ரம்யாவிடம் பேசலாம் என்று நானே போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அவள் நல்ல பெண். அதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நீ கோபத்தில் பேசிவிட்டு, அப்புறம் பேசாமலே இருந்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வீடு அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தால் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்காதே, ஐயா. வெளியே போ. மரத்தடியில் நட. போனை வைத்துவிட்டுப் போ. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் பார். திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை ரயிலைப் பிடித்தால் நம் ஊருக்கு வந்துவிடலாம். மூன்று பேரும் வந்தால் சந்தோஷம். நீ மட்டும் வந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். அத்தையும் கேட்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் முந்தின நாளே சொல், மாடி அறையைக் கூட்டி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா