சிகாகோவில் ஒரு தச்சுக் கச்சேரி

சிகாகோ
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீடியோ காலில் அம்மா சாப்பாட்டைத் தாண்டி வேறு எதையும் பேச விடுவதில்லை. உங்கள் முகம் ஓரத்தில் பாதி தெரியும், அதற்குள் "சரி வச்சிடறேன்" என்று முடிந்துவிடும். இது உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம், மரத்தைப் பற்றியது. அதனால் காகிதத்திலேயே எழுதுகிறேன். பட்டறையில் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

குளிரைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்னதில் பாதிதான் உண்மை, அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எத்தனை உடுப்பு போட்டாலும் மிச்சிகன் ஏரிக் காற்று உள்ளே நுழைந்துவிடுகிறது. வீட்டுக்குள் நாள் முழுக்க ஹீட்டர் ஓடுகிறது. சூடு உண்டு, ஆனால் காற்றில் ஈரம் என்பதே இல்லை. நீங்கள் கொடுத்தனுப்பிய தேக்கு மணையின் ஓரத்தில் ஒரு மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. உங்கள் வேலையில் குறை இல்லை, இந்த ஊர்க் காற்று அப்படி.

மேல்வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் எங்கள் குழாயில் தண்ணீர் உறைந்தபோது உதவிக்கு வந்தார். வந்தவர் குழாயை விட்டுவிட்டு அந்த மணையைத் தூக்கி, விரல் கணுவால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். கட்டை வாங்கப் போகும்போது நீங்கள் செய்வீர்களே, அதேதான். என்ன மரம், யார் செய்தது என்று விசாரித்தார். என் அப்பா தச்சர், செங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறார் என்றேன். "அப்படியானால் உன்னை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டும்" என்றார். அப்புறம்தான் குழாயைப் பார்த்தார்.

அந்தக் கச்சேரி நேற்று ராத்திரி. ரேவன்ஸ்வுட் என்கிற பகுதியில் ஒரு சின்ன அரங்கம். போகிற வழியில், பெர்ட்டோ அவென்யூவில், மணிக்கூண்டு வைத்த ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைக் காட்டினார். டீகன் கம்பெனி இருந்த இடமாம். சைலபோன், மரிம்பா என்கிற மரக்கட்டை வாத்தியங்கள், கோபுர மணிகள் எல்லாம் ஒரு காலத்தில் அங்கே செய்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது கிளேர் ஒமர் மஸ்ஸர் என்பவர் நூறு பேரைத் திரட்டி நூறு மரிம்பாவை ஒரே மேடையில் வாசிக்க வைத்தாராம். எத்தனை கட்டை இழைத்திருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உங்கள் மகள்தானே.

மரிம்பாவை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை, சொல்கிறேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு நீளமான சட்டம். அதன்மேல் பியானோ வரிசையில் மரக்கட்டைகளைக் கயிற்றில் கோத்துக் கிடத்தியிருக்கிறார்கள். பெரிய மரிம்பாவில் ஐந்து ஸ்தாயி, 61 கட்டைகள், நீளம் எட்டு அடிக்கு மேல். வாசிப்பவர் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே வாசிக்கிறார். விலை பத்தாயிரம் டாலருக்கு மேல் என்றார்கள். கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் மரத்துக்கான விலை.

மரம் ஈட்டி. நம் ஈட்டி இல்லை, ஹோண்டுராஸ் ஈட்டி என்கிறார்கள். பெலீஸ், குவாத்தமாலா, தென் மெக்சிகோ பக்கத்துக் காட்டு மரம். தாவரக் கணக்கில் அதுவும் நம் ஈட்டியும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம், அதாவது பங்காளிகள். நம் ஊரில் ஈட்டி வெட்ட அனுமதி வேண்டும் என்று முன்பு சட்டம் போட்டிருந்தார்களே, அதுபோல இதுவும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக உலக அளவில் கட்டுப்பாடு இருக்கிறது. செய்து முடித்த வாத்தியத்துக்கு மட்டும் 2019-இல் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இனி அந்த மரம் சுலபமாகக் கிடைக்காது என்பதால், பள்ளிக்கூடங்களில் கண்ணாடி இழையில் செய்த கட்டைகளையும் வைத்துக்கொள்கிறார்கள். அதன் ஒலி பெரியவருக்குப் பிடிக்காது. முகத்தைச் சுளித்தே காட்டினார்.

இனிதான் உங்களுக்கான சங்கதி. இடைவேளையில் என்னை மேடைக்குக் கூட்டிப்போய், வாசிப்பவர்களிடம் ஒரு கட்டையைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார் பெரியவர். மேலே மட்டமாக இழைத்திருக்கிறது. அடியில் நடுப்பகுதியை வளைவாகக் குடைந்திருக்கிறார்கள். சுருதி அந்தக் குடைவில்தான் இருக்கிறது. நடுவில் மரத்தை எடுக்க எடுக்க ஒலி இறங்கும். அதிகமாக இறங்கிவிட்டால் முனைப் பக்கத்தில் கொஞ்சம் எடுத்து ஏற்றலாம், ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. இழைப்புளி ஒரு இழுப்பு கூடுதலாகப் போனால் நீங்கள் நாக்கைக் கடித்துக்கொள்வீர்களே, அந்த வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் கட்டையைத் தட்டினாலும் ஒரு ஒலி மட்டும் வருவதில்லை, பல ஒலிகள் சேர்ந்து வருகின்றன. ஒரே தடிமனான சாதாரணக் கட்டையில் இரண்டாவது ஒலியின் அதிர்வு முதலாவதைப் போல ஏறக்குறைய 2.76 மடங்கு. சங்கீதத்தில் எதனோடும் ஒட்டாத கணக்கு இது. வெறும் கட்டையைத் தட்டினால் 'டொக்' என்று மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மரிம்பா செய்பவர் குடைவின் வடிவத்தால் அதைச் சரியாக நாலு மடங்குக்குக் கொண்டுவருகிறார், அதாவது இரண்டு ஸ்தாயி மேலே. அப்போது இரண்டு ஒலியும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்கின்றன. சைலபோனில் மூன்று மடங்கு வைப்பார்களாம், அதனால் அது கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும்.

கட்டைக்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் அடி மூடிய அலுமினியக் குழாய். மிகக் கீழான கட்டைக்கு நாலு அடிக்கு மேல் நீளமான குழாய் தேவைப்படும், வாத்தியமோ அவ்வளவு உயரமில்லை, அதனால் மடக்கியோ குழாயை அகலமாக்கியோ சமாளிக்கிறார்கள். பழைய குவாத்தமாலா மரிம்பாவில் குழாய்க்குப் பதில் சுரைக்குடுக்கை கட்டியிருக்குமாம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களோடு போன யோசனை என்கிறார்கள்.

கச்சேரிக்கு வருகிறேன். முதலில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். வாத்தியம் எதுவும் இல்லை, ஆளுக்கு இரண்டு மரத்துண்டு, அவ்வளவுதான். ஒரு துண்டை உள்ளங்கையைக் குழித்து அதன்மேல் கிடத்தி, இன்னொன்றால் தட்டுகிறார்கள். ஸ்டீவ் ரைஷ் என்ற அமெரிக்கர் 1973-இல் அமைத்தது. 1970-இல் ஆப்பிரிக்காவின் கானாவுக்குப் போய் மேளம் கற்றுக்கொண்டு வந்தவர். ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகத் தட்டுகிறார், மாற்றமே கிடையாது. இரண்டாமவர் ஒரு வடிவத்தை முழுதாகவே தொடங்குகிறார், மற்ற மூவரும் ஒவ்வொருவராகச் சேருகிறார்கள். அந்த மூவரும் சேரும்போது முழுதாக வாசிப்பதில்லை. நிறைய வெற்றிடம் விட்டு ஒரே ஒரு தட்டு, அப்புறம் இரண்டு, மூன்று என்று வெற்றிடத்தை ஒவ்வொன்றாக நிரப்பி ஒரு வடிவத்தைக் கட்டுகிறார்கள். ஆறு எண்ணிக்கையில் தொடங்கிய சுற்று நாலாகிறது, பிறகு மூன்றாகிறது. முதல் சில நிமிடம் எனக்குப் பொறுமை இல்லை. அப்புறம் காலே தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. யாரும் வாசிக்காத ஒரு மெட்டு ஐந்து பேருக்கும் நடுவில் கேட்கிறது. எந்தக் கையிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. பட்டறையில் நீங்களும் சண்முக மாமாவும் தம்பியும் மூன்று உளியை வேறு வேறு வேகத்தில் அடிக்கும்போது எனக்கு ஒரு பாட்டு கேட்கும் என்று சின்ன வயதில் சொல்வேன், எல்லாரும் சிரிப்பீர்கள். இப்போது சிரிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஒரு பெண் தனியாக மரிம்பா வாசித்தாள். கெய்கோ ஆபே என்ற ஜப்பான் அம்மையாருடைய படைப்பு. 1937-இல் பிறந்தவர். கேளிக்கை மேடைகளில் சும்மா வேடிக்கைக்கு வாசித்துக்கொண்டிருந்த வாத்தியத்துக்குத் தனிக் கச்சேரி செய்கிற தகுதியை வாங்கிக் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. யமஹா கம்பெனியோடு சேர்ந்து ஐந்து ஸ்தாயி மரிம்பாவை உருவாக்கியதும் அவர்தான். அந்தப் பெண் ஒரு கைக்கு இரண்டாக நாலு குச்சி பிடித்திருந்தாள். ஒரே கையில் இரண்டு குச்சியை விரிக்கவும் சுருக்கவும் விரல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். குச்சியின் காம்பு பிர்ச் மரம், சிலது பிரம்பு. தலையில் ரப்பர் உருண்டை, அதன்மேல் கம்பளி நூல் சுற்றியிருக்கிறது. இறுக்கிச் சுற்றினால் மேல்கட்டைக்கு, தளர்த்திச் சுற்றினால் கீழ்க்கட்டைக்கு. கீழ்க்கட்டையைத் தொட்டபோது ஒலி காதுக்கு வருமுன் நாற்காலியின் முதுகுப் பலகையில் வந்துவிட்டது.

நடுவில் ஒரு புதுப் படைப்பு. வைப்ரபோன் என்ற உலோக வாத்தியத்தை வயலின் வில்லால் தேய்த்து நீள நீளமாக இழுத்தார்கள். பெரியவர் கண்ணை மூடி ரசித்தார். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ரம்பத்துக்கு அரம் போடுகிற சத்தத்தை டிக்கெட் வாங்கிக் கேட்க வேண்டுமா?

இடைவேளைக்குப் பிறகு ஜான் கேஜ் 1941-இல் நாலு பேருக்காக அமைத்தது. அதுதான் கச்சேரியின் உச்சம். மேசை முழுக்கத் தகர டப்பா, மாட்டு மணி, கிலுகிலுப்பை, மூங்கில், மேளம். ஒரு மேளத்தின் தோலில் கயிறு கோத்து, அதை இழுத்து உறுமல் வரவழைக்கிறார்கள். பழைய இரும்புக் கிடங்குகளில் தட்டித் தட்டிப் பார்த்து வாத்தியம் பொறுக்கியவர் கேஜ். இதை முடித்த அதே வருஷம் சிகாகோவுக்கு வந்து ஒரு டிசைன் பள்ளியில் பாடமும் எடுத்திருக்கிறார். பார்ப்பதற்குக் கண்டபடி அடிப்பதாகத் தெரிந்தாலும் உள்ளே கணக்கு ரொம்பக் கறாரானது. 24 தாளச் சுற்று கொண்ட பகுதிகள், அப்படி 24 பகுதி. சிறிய அளவில் இருக்கிற கணக்கே பெரிய அளவிலும். பிற்பாடு 1946-இல் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் போன கீதா சாராபாய் என்ற அம்மையாரிடம் அவர் நம் நாட்டுச் சங்கீதம் தெரிந்துகொண்டதாகப் படித்தேன். இந்தக் கணக்கோ அதற்கு முன்பே அவருடையது.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் குனிந்து ஒரு சங்கை எடுத்து நீளமாக ஊதினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று ஒரு கணம் மனது அடித்துக்கொண்டது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அந்தச் சத்தத்துக்குப் பயந்தது நான் ஒருத்திதான். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சிரிப்பாள்.

முடிந்ததும் அந்த மரிம்பாப் பெண்ணிடம் மணையின் விரிசலைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கும் இதே கவலைதான். மரம் வறண்டால் சுருதி சற்று ஏறும், ஈரம் பட்டால் இறங்கும், ரொம்ப வறண்டால் கட்டையே பிளந்துவிடும். குளிர்காலம் முழுக்க வாத்தியம் இருக்கிற அறையில் காற்றை ஈரமாக்குகிற ஒரு கருவியை ஓட விடுகிறாளாம். நானும் ஒன்று வாங்கப் போகிறேன், மணைக்காக இல்லாவிட்டாலும் என் மூக்குக்காக.

இப்போது ஒரு வேலை தருகிறேன். விலை குறைந்த மரிம்பாவுக்கு இங்கே ஆப்பிரிக்கப் படாக் மரம் போடுகிறார்கள். அதுவும் நம் வேங்கையும் ஒரே பேரினம். வேங்கைத் துண்டு உங்களிடம் கிடக்கும். வைரம் பாய்ந்ததாக, முடிச்சு இல்லாததாக, ரேகை நேராக ஓடுகிறதாகப் பார்த்து எடுங்கள். பதினெட்டு அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன். இரண்டு முனையிலிருந்தும் நாலு அங்குலம் உள்ளே தள்ளி, அடியில் சணல் கயிற்றைச் சுருட்டி வைத்துக் கட்டையைக் கிடத்துங்கள். மேலே தூள் உப்பைத் தூவி, நுனியில் துணி சுற்றிய குச்சியால் நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பு நகர்ந்து நகர்ந்து இரண்டு கோடாகச் சேரும். கட்டை அதிராத இடம் அது. மரிம்பாவில் கயிற்றுக்குத் துளை போடுவது அங்கேதான். நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் உள்ளே வரும் என்று பெரியவர் கணக்குச் சொன்னார், ஆனால் நீங்கள் உப்பை நம்புங்கள்.

கோடு சரியாக வந்த பிறகு திருப்பிப் போட்டு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடையுங்கள். குடைவதற்கு முன்னால் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு தடவையும் தட்டி, தம்பியை போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யட்டும். எந்தச் சுருதியில் நிற்கிறது, இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று பெரியவர் சொல்கிறேன் என்றிருக்கிறார். உங்கள் கட்டைக்காகக் காத்திருக்கிறார்.

டெவன் அவென்யூக் கடைகளில் புளியும் அப்பளமும் கிடைக்கின்றன, அம்மா இனி பார்சலில் அவற்றை அனுப்ப வேண்டாம். முறுக்கு மட்டும் அனுப்பட்டும். உங்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க தம்பி விண்ணப்பித்துவிட்டானா என்று எழுதுங்கள். கோடையில் வந்தால்தான் உங்களுக்கு இந்தக் குளிர் தாங்கும்.

அன்பு மகள்