ஆண்டறிக்கை: பண்டிகை மேசையும் நம் தொட்டிச் செடிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது; பெயர் சொல்லப்போவதில்லை, உரியவர்களுக்குத் தெரியும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு ஒரே வேலைக்குத்தான் போனது. பண்டிகை விருந்து மேசையில் வெட்டுப்பூக்களுக்குப் பதில் உயிருள்ள தொட்டிச் செடிகளை வைப்பது, விருந்து வைக்கும் வீட்டுக்கு மற்றவர்கள் செடிகளை இரவல் தருவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். அன்று எதிர்த்துப் பேசிய உறுப்பினர் ஒருவர், "வெட்டுப்பூ வாடினால் குப்பைக்குப் போகும். இரவல் செடி வாடினால் சிநேகம் போகும்" என்றார். நியாயமான பேச்சு. அதனால் மேசை எவ்வளவு அழகாக இருந்தது என்பதை விட்டுவிட்டு, போன செடி எந்த நிலையில் வீடு திரும்பியது என்பதையே இரவல் நோட்டில் எழுதி வந்தோம்.

முதல் விருந்தில் மேசை நடுவே அடர்ந்து வளர்ந்த சிங்கோனியம் ஒன்றை வைத்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் இலையை விலக்கி விலக்கிப் பேசிவிட்டு, பாதியிலேயே தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். தொட்டியோடு சேர்த்து 30 செ.மீ. உயரத்துக்கு மேல் மேசை நடுவில் வேண்டாம் என்ற விதி அன்று பிறந்தது. அதன்பின் பெப்பரோமியா, ஹவார்த்தியா, ஆப்பிரிக்க வயலட் போன்ற குள்ளச் செடிகளுக்குத்தான் மவுசு. ஃபிட்டோனியாவையும் நிறையப் பேர் கேட்டார்கள். வெள்ளை நரம்போடிய அந்த இலைகள் மேசை விரிப்பின் மேல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மண் காய்ந்தால் மொத்தச் செடியும் துவண்டு தொட்டி விளிம்பில் சரிந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். விருந்தாளிகள் அந்த இடைவெளியில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முந்தின நாள் மாலையே நன்றாகத் தண்ணீர் விட்டு, முழுக்க வடிந்த பிறகு மேசைக்குக் கொண்டுவருவது எல்லாச் செடிக்கும் நல்லது. விரிப்பும் பிழைக்கும்.

அதிகம் இரவல் போனதும் அதிகம் அடிபட்டதும் பாயின்செட்டியாதான். மெக்சிகோவைச் சேர்ந்த செடி. 1820களில் அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் தன் நாட்டுக்கு அனுப்பியதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. சிவப்பாகத் தெரிவதெல்லாம் நிறம் மாறிய இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் மஞ்சள் மணிகளாக இருக்கும். அந்த மணிகள் இன்னும் மூடியிருக்கிற செடியைப் பார்த்து வாங்கினால் நிறம் அதிக நாள் நிற்கும். மகரந்தம் உதிரத் தொடங்கிவிட்டால் சிவப்பும் சீக்கிரம் உதிரும். திரும்பி வந்த தொட்டிகளில் ஒன்று அடி இலைகளெல்லாம் மஞ்சளாகி வந்தது. சுற்றியிருந்த பளபளக் காகிதத்தைக் கழற்றினால் உள்ளே நாறிய தண்ணீர். வேர் பழுப்பாகிக் குழைந்திருந்தது. கடையில் சுற்றித் தரும் அந்தக் காகிதத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஓட்டையாவது போடுங்கள்.

பாயின்செட்டியா மறுபடி சிவக்க வேண்டுமானால் 8 முதல் 10 வாரங்களுக்குத் தினமும் 14 மணி நேரம் இடைவிடாத இருட்டு வேண்டும். ஓர் உறுப்பினர் தினம் மாலையில் அட்டைப்பெட்டி போட்டு மூடியும் செடி பச்சையாகவே நின்றது. சிவந்துவிட்டதா என்று அவர் பேரன் இரவில் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து வந்தது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஆர்வத்துக்காகவே அவனை இளைய உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

நச்சு விஷயத்தில் பாயின்செட்டியாவுக்குக் கெட்ட பெயர் அதிகம், குற்றம் குறைவு. அதன் பால் தோலிலும் வயிற்றிலும் எரிச்சல் தரும். பொதுவாக அதற்கு மேல் போவதில்லை. டிஃபன்பாக்கியா என்ற அலங்கார இலைச்செடியின் இலையைக் கடித்தால், அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் குத்தி வாயும் நாக்கும் வீங்கிவிடும். மணி பிளான்ட்டிலும் அதே படிகங்கள் உண்டு. குழந்தைகள் உட்காரும் மேசைக்கு இரண்டும் கிடையாது. பூனை உள்ள வீட்டுக்கு லில்லி வேண்டவே வேண்டாம், பூனையின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். அலங்காரச் செடியின் இலையைக் கிள்ளிப் பரிமாறும் தட்டில் வைப்பதையும் செயற்குழு தடை செய்திருக்கிறது. அதில் என்ன மருந்து அடித்து வளர்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

கலாஞ்சோ பூக்கள் ஏன் கூம்பிப்போகின்றன என்று பலர் கேட்டீர்கள். பக்கத்தில் இருந்த பழத்தட்டுதான் காரணம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவை முடித்துவிடும். பழத்தை மேசையின் மறுகோடிக்கு நகர்த்துங்கள். கிறிஸ்துமஸ் கள்ளிக்கு இடமாற்றமே ஆகாது. மொட்டு விட்ட சமயத்தில் தூக்கிக்கொண்டு அலைந்தால் மொட்டெல்லாம் கொட்டும். அதை மட்டும் இரவல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். மெழுகுவர்த்தி, இலை நுனியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். மண்ணில் எழும் பொடி ஈக்களுக்கு மேல்மண்ணைக் காயவிடுவதே முதல் மருந்து. பளபளப்புக்காக இலையில் எண்ணெய் தடவாதீர்கள், தூசிதான் ஒட்டும். ஈரத்துணி போதும்.

"வீட்டுக் காற்றைச் செடிகள் சுத்தமாக்கும்" என்று நம் துண்டறிக்கையில் போடச் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. அதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 1989 நாசா ஆய்வு, மூடிய பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் வெளிவந்த மறு ஆய்வுக் கணக்குப்படி, கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை. அப்புறம் சாப்பிட எங்கே உட்காருவது?

நேரத்துக்குத் திரும்பாத செடிகள் பற்றி. நமக்கு வெளிச்சமாகத் தெரியும் சாப்பாட்டு மேசை, ஜன்னலிலிருந்து தள்ளியிருந்தால் செடிக்கு இருட்டறைதான். ஒரு வாரம் தாங்கும். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்று வைத்திருந்த வீடுகளிலிருந்து வந்தவைதான் நோட்டில் மோசமான குறிப்புகளை வாங்கியிருக்கின்றன. எனவே இரவல் காலம் ஒரு வாரம், தொட்டியின் அடியில் உரியவர் பெயர் எழுதிய சீட்டு கட்டாயம் என்ற இரு திருத்தங்களைச் செயற்குழு முன்மொழிகிறது. இவற்றையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்